செந்தில்குமாரின் லேப்டாப்

உடையார்பாளையம்
3 நவம்பர் 2025

அன்புள்ள அம்பிகா அண்ணிக்கு,

ஆர்த்தி எழுதுகிறேன். கவரின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என் நம்பரை நீங்களும் பிளாக் செய்துவிட்டீர்கள், அத்தையின் போனிலும் செய்துவிட்டீர்கள். வேறு வழி தெரியாமல்தான் தபாலில் எழுதுகிறேன். உங்கள் தம்பி போன பிறகு நான் உங்களிடம் ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை.

அவருடைய லேப்டாப் எனக்கு வேண்டும்.

அரியலூரில் அமிர்தலிங்கம் என்று ஒரு ஆடிட்டர் இருக்கிறார். அவர் ஆபீசில் வேலை கேட்டுப் போயிருந்தேன். இடுப்பில் குழந்தையைப் பார்த்துவிட்டு, "கைக்கொழந்தைய தூக்கிக்கிட்டு தெனம் பஸ்ல அலைய வேணாம்மா. வூட்லேருந்தே பில்லெல்லாம் ஏத்திக் குடு. ஆனா லேப்டாப் உன்னோடதா இருக்கணும். பழைய விண்டோஸோட வராத. அதுக்கு இனிமே பாதுகாப்பு எதுவும் வராதுன்னுட்டான். ஊராங்க கணக்கு இருக்கற எடம் பாரு" என்றார். நல்ல மனிதர். மாதக் கடைசி வரை எனக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தம்பியின் லேப்டாப் பழையது. புது விண்டோஸ் அதில் நேராக ஏறாது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். "அக்காகிட்ட குடுத்தா எப்படியாவது போட்டுடும், அதுக்குத் தெரியாதது கெடையாது" என்றும் சொன்னார். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு வேலையைவிட அதுதான் பெரிது. டி டிரைவில் 'கபடி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சனி ஞாயிறுகளில் ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி என்று போட்டிகளுக்குப் போய் அவர் வர்ணனைக்கு மைக் பிடித்ததெல்லாம் அதில் இருக்கிறது. போனில் பதிவாகும் ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்ததும் அதில் போட்டு வைப்பார். அவர் போன் அவரோடு லாரிக்கு அடியில் போய்விட்டது. என் போன் பிரசவத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிர்விட்டது. யூட்யூபில் கிடைக்கிற துண்டுகளில் எல்லாம் அவர் குரலுக்கு மேல் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

குழந்தைக்குச் செந்தாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவளுடைய அப்பாவின் குரல் அந்த ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கிறது, அண்ணி.

அத்தைக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உங்கள்,
ஆர்த்தி


பெரம்பலூர்
9 நவம்பர் 2025

ஆர்த்திக்கு,

உன் கடிதம் அம்மா கையில் சிக்குவதற்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன். இனி எழுதுவதாக இருந்தால் வீட்டுக்கு எழுதாதே. என் கல்லூரி முகவரிக்கு, கம்ப்யூட்டர் லேப் என்று போட்டு எழுது. போன் செய்ய முயற்சி செய்யாதே. உன் குரல் எங்கள் காதில் விழ வேண்டாம்.

லேப்டாப் தருகிறேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? அவன் மேசையில் அப்படியே கிடக்கிறது. அம்மா தினமும் துடைக்கிறாள். திறக்கத் தெரியாது. மூடியை மட்டும் துடைத்துவிட்டு வைத்துவிடுவாள்.

புது விண்டோஸைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த மெஷினின் ப்ராசசர் அவர்கள் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இல்லை. பாதுகாப்புச் சிப்பும் பழையது. நேராகப் போட்டால் தகுதியில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் சோதனையை எடுத்துவிட்டு ஒரு பென் டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து ஏற்ற வேண்டும். எங்கள் லேபில் பழைய மெஷின்களுக்கெல்லாம் நான்தான் அப்படிப் போட்டேன். ஓடும். ஆனால் நாளைக்கு ஒரு அப்டேட்டில் படுத்துவிட்டால் கம்பெனி பொறுப்பேற்காது, நானும் ஏற்க மாட்டேன். தகுதி பார்க்காமல் உள்ளே விட்டால் அப்புறம் நடப்பதற்கு யாரும் ஜவாப்தாரி கிடையாது. எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படி விட்டோம். "பொண்ணு சாதுவா இருக்குடி, பாத்தா வேணாம்னு சொல்ல மனசு வரல" என்றாள் அம்மா. நான் தலையாட்டினேன். என் தம்பியைப் பறிகொடுத்தோம்.

அவன் உன்னைக் கூப்பிட்டு வரத்தான் அன்றைக்கு அரியலூர் ரோட்டில் போனான். நீ கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அவன் இந்நேரம் சோபாவில் படுத்துக்கொண்டு டீ கேட்டிருப்பான். அப்பா சாகும்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. என் கல்யாணப் பேச்சை நானே இரண்டு முறை நிறுத்தி அவனைப் படிக்க வைத்தேன். நீ வந்து ஒரு வருஷத்தில் அவனை முடித்துவிட்டாய்.

குழந்தைக்குப் பெயர் வைத்ததை எனக்கு ஏன் எழுதுகிறாய் என்று புரியவில்லை.

அம்மாவின் காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அம்பிகா


உடையார்பாளையம்
14 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

தருகிறேன் என்று எழுதினீர்களே, அது போதும். மற்றதையெல்லாம் படித்தேன். பதில் சொல்லப் போவதில்லை. என் அம்மா லீலாவதிக்குப் படித்துக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன். கேட்டால் பெரம்பலூருக்கே கிளம்பி வந்துவிடும்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். புதிது. கபடி ஃபோல்டரை மட்டும் இதில் எடுத்துவிட்டால் போதும், மற்றது எதுவும் வேண்டாம். சி டிரைவில் மட்டும் புதியதைப் போட்டுவிட்டு டி-யைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று வீடியோக்களில் பார்த்தேன். உங்களுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது, இருந்தாலும் பயத்தில் எழுதுகிறேன். தயவுசெய்து டி டிரைவைத் தொட்டுவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே முந்திரித் தோப்பைத் தாண்டி இருக்கிற திடலில் சின்னப் பையன்கள் கபடி ஆடுவார்கள். சத்தம் கேட்டால் செந்தாழினி அழுகையை நிறுத்திவிடுகிறாள். வயிற்றில் இருந்தபோது மீன்சுருட்டி போட்டிக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். இதை அத்தையிடம் மட்டுமாவது சொல்லுங்கள். சந்தோஷப்படுவார்கள்.

ஆர்த்தி


பெரம்பலூர்
24 நவம்பர் 2025

ஆர்த்திக்கு,

அரியலூர் பஸ்ஸில் பார்சல் போட்டு ஆடிட்டர் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே போய் வாங்கிக்கொள். சார்ஜரும் இருக்கிறது. பாட்டரி ஒரு மணி நேரம் நிற்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

புது விண்டோஸ் போட்டாகிவிட்டது. நல்ல வேகமாக இருக்கிறது. பழையபடி பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்காது. உன் பெயரில் கணக்கு திறந்திருக்கிறேன், பாஸ்வேர்டு தாளில் ஒட்டியிருக்கிறது, மாற்றிக்கொள்.

டி டிரைவ் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. புதியதை ஏற்ற வேண்டுமென்றால் அந்த முறையை மாற்ற வேண்டும். மாற்றினால் இருப்பதெல்லாம் போகும். அப்படித்தான் போனது. உன் பென் டிரைவில் எடுத்து வைக்கலாம் என்று பார்த்தேன், மெஷின் அதைப் படிக்கவில்லை. மலிவுச் சரக்கு. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வேலைக்கு வேண்டும் என்று கேட்டாய். வேலைக்கு ஆகிற மாதிரி கொடுத்துவிட்டேன். இதோடு நமக்குள் ஒன்றும் இல்லை.

அம்பிகா


உடையார்பாளையம்
8 டிசம்பர் 2025

அம்பிகா அவர்களுக்கு,

அண்ணி என்று எழுத இனிமேல் எனக்குக் கை வராது.

லேப்டாப்பை ஆடிட்டர் ஆபீசில் வைத்தே திறந்தேன். செந்தாழினி மடியில் இருந்தாள். திரை நீல நிறத்தில் வந்து 'வணக்கம் ஆர்த்தி' என்றது. உங்கள் கடிதம் பார்சலுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது, அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. டி டிரைவைத் தேடினேன். வேறு எங்காவது மாற்றி வைத்திருப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அமிர்தலிங்கம் சார் பக்கத்தில் வந்து நின்று, "என்னம்மா தேடுற?" என்றார். "எங்க வூட்டுக்காரரு குரலத் தேடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீசிலேயே அழுதுவிட்டேன்.

நீங்கள் மலிவுச் சரக்கு என்ற பென் டிரைவை அதே லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். உடனே எடுத்துக்கொண்டது.

அப்போதும் உங்களைச் சந்தேகப்படவில்லை. அவசரத்தில் தவறிப் போயிருக்கும் என்று நினைத்தேன். அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவர் திருச்சியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது விண்டோஸ் போடறப்ப போனதில்லம்மா. அப்படிப் போயிருந்தா பாதியாவது தோண்டி எடுத்திருப்பேன். ஹார்ட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியமா எழுதியிருக்காங்க. அதுக்குன்னே ஒருத்தரு உக்காந்து தொடச்சிருக்காங்க. அப்பறமாத்தான் விண்டோஸ் போட்டிருக்காங்க. யாரும்மா பண்ணுனது, உங்களுக்கு வேண்டாதவங்களா?" என்றார்.

வேண்டியவங்கதான் என்று சொன்னேன்.

ஏன் செய்தீர்கள்? நான் கேட்டது உங்கள் வீட்டு நகையையா, நிலத்தையா?

இதுவரை எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அவர் என்னைக் கூப்பிட்டு வரத்தான் கிளம்பினார் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பதினாறாம் நாள் காரியத்தில் அத்தனை பேர் நடுவிலும் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவர் எனக்குப் போன் செய்தார். "அக்கா வூட்ட வுட்டுப் போடான்னுருச்சு ஆர்த்தி. பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறவன் இங்க சோறு திங்காதன்னுருச்சு. தட்டுல கைய வச்சவன் எந்திரிச்சுட்டேன். அங்கதான் வரேன்" என்றார். சாப்பிடாமல்தான் வண்டி ஓட்டினார். பக்கத்து அறையில் டிவி ஓடியதால் அத்தைக்கு எதுவும் கேட்கவில்லை என்றும் அவரே சொன்னார். உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மகனைப் பறிகொடுத்த தாய்க்கு மகளும் இப்படி என்று தெரிய வேண்டாம் என்றுதான் அத்தையிடம் சொல்லாமல் இருந்தேன். இனி அப்படி இருப்பேன் என்று நினைக்காதீர்கள்.

ஆர்த்தி


பெரம்பலூர்
15 டிசம்பர் 2025

ஆர்த்திக்கு,

ஆமாம். நான்தான் துடைத்தேன். தவறிப் போகவில்லை. திருச்சிக்காரன் சரியாகச் சொல்லியிருக்கிறான், அவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

ஏன் என்று கேட்டாய். உன் பென் டிரைவில் எடுத்துத் தரலாம் என்றுதான் லேபுக்குக் கொண்டு போனேன். இதை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் போன பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றிரண்டு கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். என் தம்பி குரலைக் கேட்க எனக்கும் ஆசை இருக்காதா? கேட்கக் கேட்க எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த நாளும் அதேதான், அதற்கு அடுத்த நாளும்.

எத்தனை பேரைப் பற்றி அவன் மைக்கில் பேசியிருக்கிறான்! பந்தல் போட்டவன் பெயரைச் சொல்கிறான், சோடா விற்கிறவன் பெயரைச் சொல்கிறான். "எங்க வூட்டுக்காரி ஆர்த்தி இன்னிக்கு ஆட்டம் பாக்க வந்திருக்கு, பசங்களா மானத்தக் காப்பாத்துங்கடா" என்கிறான். நான் காத்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் என் பெயர் வந்தது. விக்கிரமங்கலத்துப் போட்டி. ரெஃப்ரி கூடுதலாக விசில் அடித்துவிட்டார் போலிருக்கிறது. "விடுங்கப்பா, அவரு பரவால்ல. எங்க வூட்ல ஒரு ரெஃப்ரி இருக்கு. பேரு அம்பிகா. நாம மூச்சு வுட்டாலே விசில் அடிக்கும்" என்கிறான். திடல் முழுக்கச் சிரிக்கிறது. யாரோ ஒருவன் விசிலும் அடிக்கிறான். அதற்கும் சிரிக்கிறார்கள்.

அவனுக்குத் தலை வாரிவிட்டவள் நான். அவனுக்குக் காமாலை வந்தபோது பள்ளிக்கூடப் பரீட்சையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தச் சிரிப்பை உன் மகள் கேட்டு, நீ கேட்டு, உன் அம்மா கேட்டு, மூன்று பேருமாகச் சேர்ந்து சிரிக்க வேண்டுமா? முடியாது என்று தோன்றியது. முழுக்க அழித்தேன். ஒரு துளி மிச்சமிருக்கக் கூடாது என்று மறுபடியும் அழித்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அவனைப் போகச் சொன்னதை அம்மாவிடம் சொல்லப் போகிறாயா? எப்படிச் சொல்வாய்? போன் வராது. கடிதம் என்னைத் தாண்டிப் போகாது. வாசலுக்கு வந்தால் உள்ளே விட மாட்டேன். அம்மா உன்னைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பிள்ளையைக் காட்ட நீதான் மறுக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள்.

இனி எழுதாதே.

அம்பிகா


பெரம்பலூர்
18 பிப்ரவரி 2026

ஆர்த்திக்கு,

எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம். குளித்துவிட்டு வரும்போது விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க அசைவில்லை. கண்ணைத் திறப்பதில்லை. சில நேரம் உதடு அசைகிறது, செந்திலு செந்திலு என்று மட்டும் வருகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து "அம்மா, அம்பிகா வந்திருக்கேன்மா" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் குரலுக்குத் திரும்புவதில்லை. நர்ஸ் பெண் பேசினால் விரல் அசைகிறது, நான் பேசினால் அதுவும் இல்லை.

டாக்டர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "இவங்க ரொம்பப் பிரியமா இருந்தவங்க குரல் ஏதாவது இருந்தா காதுகிட்ட போட்டுப் பாருங்க. கட்டாயம் கேக்கும்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு நெனவு தெளிஞ்சிருக்கு" என்றார். "மகன் குரல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

என் போனில் தேடினேன். அவன் எனக்கு அனுப்பியதெல்லாம் எழுத்துதான். அக்கா வரேன், அக்கா லேட் ஆவும், அக்கா சாப்பிட்டுட்டேன்.

உன்னிடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? யாரிடமாவது வாங்கினாயா? நான் கேட்பது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நான் உன் இடத்தில் இருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுவேன். ஆனால் கேட்பது எனக்காக இல்லை. அம்மா உனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன், இப்போது நீ என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய்.

அம்பிகா


உடையார்பாளையம்
22 பிப்ரவரி 2026

அம்பிகா அவர்களுக்கு,

இருக்கிறது. மீன்சுருட்டியில் போட்டி நடத்துகிற வீரமணி அண்ணனைத் தேடிப் போய்க் கேட்டேன். அவருடைய பழைய போனில் ஒன்று கிடைத்தது. பாட்டு போடாதது. சின்னதுதான், ஆனால் முழுக்க அவர் குரல். செந்தாழினிக்குத் தினமும் போட்டுக் காட்டுகிறேன். இப்போது போனைப் பார்த்தாலே கையை நீட்டுகிறாள்.

உங்களுக்கு அனுப்ப மாட்டேன். உங்கள் கையில் கிடைத்தது என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை நானே கொண்டு வருகிறேன். குழந்தையும் வருவாள். அத்தை படுத்திருக்கும் அறையில் நானும் அவளும் மட்டும்தான் இருப்போம். நீங்கள் உள்ளே வரக் கூடாது. கதவோரத்திலும் நிற்கக் கூடாது, அவர் குரல் உங்கள் காதுக்கு எட்டக் கூடாது. நடையின் கடைசியில் எங்காவது உட்கார்ந்திருங்கள். நான் வெளியே வரும் வரை எழுந்து வரக் கூடாது. சம்மதம் இல்லையென்றால் வர மாட்டேன். சம்மதம் என்றால் பதில் எழுத வேண்டாம்.

அத்தையிடம் நான் என்ன பேசுவேன் என்று கேட்காதீர்கள்.

ஆர்த்தி


பெரம்பலூர்
20 மார்ச் 2026

ஆர்த்திக்கு,

அம்மா போய்விட்டாள். மார்ச் இரண்டாம் தேதி. காரியமெல்லாம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லியனுப்பவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை, சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

நீ வந்துபோன வியாழக்கிழமை அம்மா பேசினாளாம். டிரிப் மாற்ற வந்த நர்ஸ் சொன்னாள். "அந்தப் பாப்பாவ தூக்கிக்கிட்டு ஒரு அக்கா வந்தாங்கல்ல, அவங்ககிட்ட பாட்டி நல்லா தெளிவா பேசிச்சுங்க. கண்ணெல்லாம் முழிச்சு இருந்துச்சு" என்றாள். என்ன பேசினாள் என்று கேட்டேன். தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம், கவனிக்கவில்லையாம்.

நீ போன பிறகு, தூங்குகிறாள் என்று நீ சொன்னபடி கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே போனேன். விழித்துத்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். என் அம்மா என்னைப் பார்த்தாள் ஆர்த்தி, அடையாளம் தெரிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு போகும் வரை என் பக்கம் திரும்பவில்லை. நான் ஊட்டிய கஞ்சியை வாங்கவில்லை. நர்ஸ் ஊட்டினால் வாங்கினாள். எத்தனை கெஞ்சினேன் தெரியுமா? "ஏம்மா, என்னம்மா கோவம்" என்று காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

சொல்லிவிட்டாயா? சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து அவனை எழுப்பி அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் சொன்னேன் என்று ஒரு வரி எழுது. உன்மேல் கோபப்பட மாட்டேன். அது உண்மைதான், சொல்ல உனக்கு உரிமை உண்டு. அம்மா அதனால்தான் திரும்பிக்கொண்டாள் என்றால் அதை நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. அவள் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தபடி இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்பிகா


உடையார்பாளையம்
27 மார்ச் 2026

அண்ணிக்கு,

இல்லை. அதைச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அத்தையைப் பார்த்ததும் முடியவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து ஆட நடந்த மனுஷி, துணி மாதிரி கிடந்தார்கள்.

காதருகில் போனை வைத்துப் போட்டேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போட்டேன். "வுடாத புடி, வுடாத புடி" என்று அவர் கத்துகிற இடத்தில் அத்தையின் வாய் ஓரம் இழுத்தது. அப்புறம் கண் திறந்தது. செந்தாழினியைக் கட்டிலில் உட்கார வைத்தேன். அவள் அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அத்தை சிரித்தார்கள். "அவன் மூக்குடி இது" என்றார்கள். குழறல் இருந்தது, ஆனால் புரிந்தது. "கூட்டியாரவே மாட்டேன்னியாமே" என்றார்கள். யார் அப்படிச் சொன்னது என்று சொல்லி உங்களை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் பாப்பாவின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். யாரையோ தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "அம்பிகா எங்க?" என்றார்கள்.

பாப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது எங்க போயிருக்கு? கண்ணு தொறந்தா அது மொகம்தான் மொதல்ல தெரியும்னு நெனச்சேன். கூப்புடு. அதுங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றார்கள்.

நீங்கள் நடைக்கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கதவைத் திறந்து ஒரு கை காட்டினால் போதும்.

"அவங்க வரலைங்க அத்தை" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கேவா?"

"ஆமாங்க. சேர்த்துட்டுப் போனவங்கதான், அப்பறம் வரவேயில்லை. வேலை இருக்காம்."

அத்தை நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நம்பிவிட்டார்கள். நம்பியது முகத்தில் தெரிந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும் என்றது என்ன என்று நான் கேட்கவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்தீர்கள். ஓடிவந்து, "அம்மா கண்ணு தொறந்துச்சா? ஏதாச்சும் சொல்லிச்சா?" என்று கேட்டீர்கள். என் தோளைப் பிடித்திருந்தீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீங்கள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"தூங்கறாங்க, இப்ப உள்ள போவாதீங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஆர்த்தி